டாக்டர் என்ன சொன்னார்

ஜூன் 4, புதன்

எழுதுவதற்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். யாரிடம் என்று தெரியவில்லை. டைரி எழுதுகிற அளவுக்கு நான் பெரிய ஆள் இல்லை. கம்ப்யூட்டர் சென்டரில் என் முதலாளி சாதிக் அண்ணாச்சி, விற்காமல் கிடந்த டைரிகளில் ஒன்றை எடுத்து, "பாதி வருசம் போச்சு, இனி யாரு வாங்கப் போறா, வச்சுக்கம்மா" என்று கொடுத்தார். ஜனவரியிலிருந்து வெறும் தாளாகப் புரட்டிக்கொண்டு வந்தேன். அத்தனை நாளும் நான் வாயைத் திறக்காமல் இருந்ததை யாரோ பக்கம் பக்கமாகப் பதிந்துவைத்த மாதிரி இருந்தது.

திறந்த ஒரு இடத்திலும் தப்பாகத்தான் திறந்திருக்கிறேன். திங்கட்கிழமையிலிருந்து அது தொண்டையில் நிற்கிறது.

அப்பாவுக்குப் பங்குனியில் பக்கவாதம் வந்தது. வலது பக்கம். இளையரசனேந்தல் பக்கம் இருக்கும் பருத்திக் காட்டை மருதப்பன் மாமா பார்த்துக்கொள்கிறார். அப்பா, அம்மா, நான் மூன்று பேரும் சங்கரன்கோவிலில் வாடகை வீட்டுக்கு வந்துவிட்டோம். அம்மா அடுத்த தெருத் தறிக்கூடத்தில் நூல் சுற்றப் போகிறாள். நரம்பு டாக்டர் மாதத்தின் முதல் திங்கள் மட்டும் இங்கே வருவார். கிளினிக்கின் முன் அறைக் கட்டிலில் வைத்தே அப்பாவைப் பார்ப்பார். தட்டுவார், மடக்குவார், 'ம்' என்பார். பிறகு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டு, "ஆறுமுகச்சாமி கூட வந்தவங்க" என்று கூப்பிடுவார். அம்மா என் முதுகில் கைவைத்துத் தள்ளுவாள். "நீ படிச்சவ. நீ போயிக் கேட்டுட்டு வா."

எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். அதனால் நான் வெளியே வந்து சொல்வதுதான் டாக்டர் சொன்னது.

டாக்டர் சொன்னது இது: "கால் நல்லாத் தேறும். கை மெதுவாத்தான் வரும். எவ்வளவு வரும்னு இப்பச் சொல்ல முடியாது. பயிற்சிய விட்டுறக் கூடாது."

நான் வெளியே வந்து சொன்னது: "கால் பரவால்லையாம்ப்பா. கை கஷ்டமாம்."

பொய் இல்லை. ஆனால் அது மட்டும்தானா சொன்னார்?

ஜூன் 6, வெள்ளி

கை பழக வாங்கிய ரப்பர் பந்து கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. அம்மாவிடம் கேட்டேன். "கஷ்டம்னு டாக்டரே சொல்லிட்டாரு. பெறகு எதுக்கு மனுசனப் போட்டு வதைக்கணும்?" என்றாள்.

ஜூன் 10, செவ்வாய்

பயிற்சி கொடுக்க வீட்டுக்கு வருகிற நிர்மலாதேவி மேடம் இன்று பந்தைத் தேடினார். அம்மா விஷயத்தைச் சொன்னாள்.

"யாரு சொன்னா கஷ்டம்னு?"

 அப்பாவின் கண் என் பக்கம் திரும்பியது. குற்றம் சாட்டுகிற பார்வை இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. 'எம்மக கேட்டுட்டு வந்தா' என்கிற பார்வை.

மேடம் அங்கே வைத்து எதுவும் கேட்கவில்லை. வாசலில் செருப்பு மாட்டும்போது, "பாதியத்தான் சொல்லியிருக்கீங்க போல" என்றார். 'ங்க' போட்டுச் சொன்னது இன்னும் கூசியது.

ஏன் இப்படி இருக்கிறேன்? எங்கள் காட்டில் மேகம் திரண்டு வந்தால் மழை வருது என்று யாரும் சொல்லமாட்டோம். சொன்னால் கலைந்துவிடும் என்று பயம். கருகருவென்று தலைக்கு மேலே நிற்கும்போதுகூட, "இது எங்க பெய்யப் போவுது" என்று சொல்லிக்கொண்டே காயப்போட்ட மிளகாய் வத்தலை அள்ளுவோம். கடைசிப் பரீட்சை எழுதிவிட்டு வந்த அன்றும் வீட்டில், "ஃபெயிலாயிருவேன்" என்றுதான் சொன்னேன். முதல் வகுப்பு வந்தது. அதுவரை அம்மா பட்ட பாட்டை நான் கணக்கில் எடுக்கவே இல்லை. குறைத்துச் சொன்னால் யாருக்கும் அடி விழாது என்று நினைத்துக்கொண்டே இருந்திருக்கிறேன். அடி முன்கூட்டியே விழுகிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

ஜூன் 13, வெள்ளி

கடையில் பக்கத்துக் கம்ப்யூட்டரில் வேலை பார்க்கும் ஹஸ்னா பானுவிடம் சொன்னேன்.

"ஏட்டி, நல்லதச் சொன்னா ஒனக்கு வாயில புண்ணா வரும்?"

"பழக்கமில்ல."

"பழகு. காலையில எந்திரிச்சதும் கண்ணாடி முன்னாடி நின்னு சிரி. 'எல்லாம் நல்லபடியா நடக்கும்'னு சத்தமாச் சொல்லு. நான் போன்ல பாத்தேன், ஒரு லேடி சொல்லுது."

"ஒனக்கு நடந்துச்சா?"

"எனக்கு எதுக்கு? நான் தூங்கும்போதே சிரிக்கிறவ."

ஜூன் 14, சனி

கண்ணாடி முன் நின்று சிரித்தேன். அம்மா எட்டிப் பார்த்து, "என்னட்டி, கடவாப் பல்லு வலிக்கா?" என்றாள்.

ஜூன் 22, ஞாயிறு

இன்று காலையில் அப்பாவின் வலது கைக் கட்டைவிரல் அசைந்தது. நிஜமாகவே அசைந்தது. நான் பார்த்தேன். உடனே, "அப்பா, பெருவெரல் ஆடுது!" என்று கத்திவிட்டேன். அம்மா சோற்றுக் கரண்டியோடு ஓடிவந்தாள். அப்பாவுக்குக் கோணிய உதட்டில் சிரிப்பு வந்தது. பந்தை அவரே கேட்டு வாங்கிக்கொண்டார்.

நல்லதைச் சொல்வது இவ்வளவு சுலபமா? நாள் முழுக்க என் உடம்பில் எடையே இல்லை.

ஜூலை 7, திங்கள்

எழுதிவிடுகிறேன். எழுதினால் சின்னதாகிவிடுமா பார்ப்போம்.

கிளினிக்குக்கு ஆட்டோவில் போகும்போது அப்பா மெதுவாகக் கேட்டார். "தபசு... எப்ப வருது?"

ஆடித்தபசு அன்று அம்மன் சப்பரம் ரதவீதியில் வரும்போது, எங்கள் பக்கத்துச் சம்சாரிகள் காட்டில் விளைந்ததில் ஒரு கை அள்ளிச் சப்பரத்தின் மேல் எறிவார்கள். பருத்தி, வத்தல், கம்பு, எது விளைந்ததோ அது. அடுத்த வெள்ளாமைக்கான வேண்டுதல். அப்பா எப்போதும் பருத்திதான். நான் பிறந்ததிலிருந்து ஒரு வருடமும் அவர் விட்டதில்லை.

டாக்டர் இன்று சொன்னது: "கம்பு ஊன்றி நடக்கறது நல்லா இருக்கு. தோளும் முழங்கையும் வருது. விரல்ல ஸ்பாஸ்டிசிட்டி இருக்கு, அதைப் பார்த்துக்கணும். கை எவ்வளவு வரும்னு இன்னும் சொல்ல முடியாது."

அந்த இங்கிலீஷ் வார்த்தை எனக்குப் புரியவில்லை. தலையாட்டினேன். பி.எஸ்சி. முடித்தவள், அப்படியென்றால் என்ன சார் என்று கேட்கவில்லை. கேட்டால் படிக்காதவள் என்று நினைத்துவிடுவாராம்.

கதவைத் திறந்தேன். பெஞ்சில் இரண்டு முகங்கள். அம்மா கண்ணை மூடி முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். அப்பா கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். போன தடவை இதே இடத்தில் நின்று நான் என்ன செய்தேன் என்று நினைவு வந்தது. இந்தத் தடவை அப்படிச் செய்யக் கூடாது என்று மட்டும்தான் நினைத்தேன். வாய் தானாகப் பேசியது.

"தபசுக்கு நீங்களே வலது கையால எறிஞ்சிரலாம்ப்பா. டாக்டரே சொல்லிட்டாரு."

அம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். அப்பா மடியில் கிடந்த வலது கையைப் பார்த்தார். ரொம்ப நாளாகப் பேச்சுவார்த்தை இல்லாத தம்பி வீட்டுக்கு வந்தால் எப்படிப் பார்ப்பாரோ அப்படி.

'டாக்டரே' என்று ஏன் சொன்னேன்? அது எங்கிருந்து வந்தது?

ஜூலை 9, புதன்

மருதப்பன் மாமா போன் செய்தார். ஸ்பீக்கரில் போடச் சொன்னார். "மச்சான், ஊரு பூராம் சொல்லிட்டேன். வேன் பேசியாச்சு. நீரு எறியுதத நம்ம ஆளுக எல்லாம் பாக்கணும். ஏட்டி பொன்மணி, நீ படிச்ச படிப்புக்கு இன்னைக்குத்தாம்ட்டி பலன்!"

அப்போது சொல்லியிருக்கலாம். போனை அம்மா கையில் கொடுத்துவிட்டு, வெளியே காயாத துணியைக் காய்ந்துவிட்டதா என்று பார்க்கப் போனேன்.

ஜூலை 17, வியாழன்

அப்பா இடது கையால் சாப்பிட மறுக்கிறார். வலது கையால்தான். ரசம் சட்டையெல்லாம். அம்மா ஊட்ட வந்தால் முறைக்கிறார். "தபசுக்கு... பழகணும்லா."

ஜூலை 22, செவ்வாய்

தோள் வீங்கிவிட்டது. நாங்கள் இல்லாத நேரத்தில் அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு கையைத் தூக்கித் தூக்கிப் பார்த்திருக்கிறார். நிர்மலாதேவி மேடம் தொட்டதும் அப்பா பல்லைக் கடித்தார்.

"யாரு இவ்வளவு செய்யச் சொன்னது? என்ன அவசரம் ஐயா?"

அடுப்பில் ஒன்றும் இல்லை. அடுப்படியிலேயே நின்றேன்.

ஜூலை 28, திங்கள்

கோயிலில் கொடி ஏறிவிட்டது. மேளச் சத்தம் எங்கள் தெரு வரை கேட்கிறது. மாமா ஒரு பை நிறையப் பருத்தி கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். மாசியில் அப்பா கையால் எடுத்த பருத்தி. விழுவதற்கு முன்னால் அவர் கடைசியாக எடுத்தது. அப்பா முகர்ந்து பார்த்தார்.

ஆகஸ்ட் 4, திங்கள்

டாக்டர் இந்த மாதம் வரவில்லை. வெளியூரில் ஏதோ மாநாடாம். கிளினிக் வாசலில் சீட்டு ஒட்டியிருந்தது. அதைப் படித்ததும் எனக்கு நிம்மதி வந்தது. அப்பாவின் டாக்டர் வரவில்லை என்றால் எனக்கு நிம்மதி! என்ன பிறவி நான்.

ஆகஸ்ட் 6, புதன்

சொல்லிவிட வேண்டும் என்று கட்டில் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "அப்பா" என்றேன்.

"வெள்ளச் சட்டைய... தேச்சு வையி மக்கா."

தேய்த்து வைத்தேன்.

ஆகஸ்ட் 7, வியாழன்

இன்று முடியாது.

ஆகஸ்ட் 8, வெள்ளி

நேற்று.

ரதவீதியில் கால் வைக்க இடமில்லை. மாமா முன்னால் போனார். "தள்ளுங்க வே, கொஞ்சம் தள்ளுங்க, எங்க மச்சான் எறியப் போறாரு." வேனில் வந்த சொந்தமெல்லாம் எங்களைச் சுற்றி நின்றது. ஒரு சித்தப்பா போனைத் தூக்கிப் பிடித்து வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். அப்பா இடது கையால் கம்பை ஊன்றிக்கொண்டு, வலது கையை என்னிடம் நீட்டினார். நான் பருத்தியை உள்ளங்கையில் வைத்து விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிவிட்டேன். பிடித்துக்கொண்டார். பந்தை அமுக்கி அமுக்கிப் பழகிய பிடி.

சப்பரம் வந்தது. சுற்றிலும் பருத்தியும் வத்தலும் பறந்தன. அப்பா கையைத் தூக்கினார். வயிறு, நெஞ்சு, தோள் உயரம் வரை வந்துவிட்டது. அம்மா குலவை போட்டுவிட்டாள்.

விரல் விரியவில்லை.

அப்பா கையை உதறினார். மறுபடி உதறினார். விரல்கள் இன்னும் இறுகின. முகமெல்லாம் வேர்த்தது. சப்பரம் எங்களைத் தாண்டிப் போயே போய்விட்டது. பருத்தி அவர் முஷ்டிக்குள்ளேயே இருந்தது.

கடைக் கம்ப்யூட்டரில் தேடிப் படித்தேன், இன்று. ஸ்பாஸ்டிசிட்டி என்றால் இறுக்கம். மூடிய கை திறக்காமல் போவது. ஜூலையிலேயே டாக்டர் சொல்லிவிட்டார். நான் தலையாட்டினேன்.

மாமா எல்லோர் முன்னாலும் கேட்டார். "டாக்டரே சொன்னாருன்னியே பொன்மணி?"

நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா பேசினார். "டாக்டர் என்ன செய்வாரு? நாந்தான்... சரியாப் பழகல."

வீட்டுக்கு வந்து அம்மா அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தாள். பருத்தி வேர்வையில் நனைந்து கட்டியாக இருந்தது. அதை எங்கே போடுவது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

ஆகஸ்ட் 9, சனி

சொல்லிவிட்டேன். அம்மாவும் இருக்கும்போதே.

"டாக்டர் அப்படிச் சொல்லலப்பா. நானாச் சொன்னேன்."

அம்மா, "அடிப் பாவி" என்றாள். அப்பா கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். பிறகு, "அப்போ... என்னதான் சொன்னாரு?" என்று கேட்டார்.

சொன்னேன். ஒரு வார்த்தை கூட்டாமல், குறைக்காமல்.

"அதுக்கு முந்துன மாசம்?"

அதையும் சொன்னேன்.

"ரெண்டு தடவையும் ஒண்ணத்தான சொல்லியிருக்காரு." மூச்சு வாங்கிக்கொண்டார். "நான்... ரெண்டு டாக்டர்னுல்லா நெனச்சிட்டேன்."

சிரிக்கவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

அப்பா என்னிடம் பேசுவதில்லை. தண்ணீர் நான் பக்கத்தில் இருந்தாலும் அம்மாவைக் கூப்பிட்டுத்தான் கேட்கிறார். சரிதான்.

நிர்மலாதேவி மேடத்திடமும் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டவில்லை. பந்தை எடுத்து உள்ளே வைக்கச் சொன்னார். இனிமேல் பிடிப்பதற்கு இல்லை, விடுவதற்குப் பழக வேண்டுமாம். மணிக்கட்டைக் கீழே தொங்கவிட்டால் விரல்கள் தாமாகக் கொஞ்சம் தளர்கின்றன. அந்த நேரத்தில் மேசைத் துணி மேல் உள்ளங்கையை மெதுவாகப் பரப்ப வேண்டும். "தினம் நீங்க பண்ணிவிடுங்க" என்று என்னைத்தான் சொன்னார்.

அப்பா கையை என்னிடம் கொடுத்தார். முகத்தைக் கொடுக்கவில்லை.

ஆகஸ்ட் 15, வெள்ளி

மாமாவுக்கு நானே போன் செய்தேன்.  அவர் கத்தினார். "வேன்ல வந்த அத்தன பேரு முன்னாடி எம்மூஞ்சிய எங்க கொண்டு வைக்க?" கேட்டுக்கொண்டேன். வைக்கும்போது மட்டும், "மச்சான் சாப்புட்டாராட்டி?" என்றார்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

ஹஸ்னா கேட்டாள். "அப்பாவுக்கு எப்படி இருக்கு?"

வழக்கம்போல 'சுமார்' என்று வாயில் வந்தது. அதற்குப் பின்னாலேயே 'சூப்பர்' என்றும் வந்தது. இரண்டையும் விழுங்கினேன். "காலையில ஆள்காட்டி வெரல் கொஞ்சம் விரிஞ்சுது. மத்தது இல்ல" என்றேன்.

"இவ்ளதானா? நான் அல்லாட்ட துஆ செய்யணுமா, ஸ்வீட் கேக்கணுமா, ஒண்ணும் புரியலயேட்டி."

"ரெண்டும் கொஞ்சம் கொஞ்சம்."

"கஞ்சப் பிசினாறி" என்று சொல்லிவிட்டுக் கடலைமிட்டாயில் பாதியை ஒடித்துக் கொடுத்தாள்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

கையைப் பரப்பிவிட்டுக்கொண்டிருந்தேன். அப்பா திடீரென்று என்னைப் பார்த்து, "என்னட்டி, இன்னைக்கு?" என்றார். என்னிடம்தான்.

எனக்கு உடனே அவரைச் சந்தோஷப்படுத்த வேண்டும் போல இருந்தது. எவ்வளவு ஆசையாக இருந்தது தெரியுமா! நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"ஆள்காட்டி வெரல் நேத்து மாதிரிதான். நடுவெரல் கொஞ்சம் கூட. பெருவெரல் அப்படியேதான் இருக்கு."

"அவ்ளதானா?"

"அவ்ளதான்ப்பா."

யோசித்தார். "சரி. நாளைக்கும் பாரு" என்றார்.

ஆகஸ்ட் 28, வியாழன்

மாமா போன் செய்தார். புரட்டாசிக்கு உழுது போடவா, வேண்டாமா என்று அப்பாவிடம் கேட்டார். அப்பா என்னை ஜன்னல் வழியாக வானத்தைப் பார்க்கச் சொன்னார். வடகிழக்கில் மேகம் இருந்தது. பாதி வானம் வெளுத்துத்தான் கிடந்தது. இரண்டையும் மாமாவிடம் சொன்னேன். "பெய்யலாம் மாமா" என்றேன்.

 எங்கள் குடும்பத்தில் யாரும் மேகத்தை வைத்துக்கொண்டு அப்படிச் சொன்னதில்லை. "மழைய வாயால சொல்லிட்டியேட்டி" என்றார் மாமா. அப்பா கட்டிலில் இருந்து, "சொல்லட்டும்... உழுது போடு" என்றார்.

சாயங்காலம் தூறல் போட்டது. மழை என்று சொல்ல முடியாது. தூறல்.

செப்டம்பர் 1, திங்கள்

இன்று நான் யாருக்கும் எதையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

டாக்டர் அறையிலிருந்து வெளியே வந்ததும் அப்பாவே அம்மாவிடம் சொன்னார். "காலு தேவலையாம். கை இன்னும் தெரியாதாம். விடாமச் செய்யணுமாம்." அம்மா பழக்கத்தில் என் முகத்தைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். இந்தத் தடவை புரிந்து ஆட்டினேன்.

உள்ளே அப்பாதான் கேட்டார். நாக்கு புரள நேரமெடுத்தது. டாக்டர் காத்திருந்தார். "அடுத்த தபசுக்கு... பருத்தி எறிய வருமா சார்?"

"வரலாம். உறுதியாச் சொல்ல மாட்டேன்."

"வராமயும் போகலாம்?"

"போகலாம்."

"அப்பச் சரி" என்றார் அப்பா. அந்தப் பதிலை வாங்கிக்கொண்டு அவர் எழுந்த விதம்! ஜூலையில் நான் அந்தப் பொய்யைச் சொன்னபோதுகூட அவர் இப்படி நிமிரவில்லை. வாசல் வரை வந்தவர் திரும்பி, "விரலு இறுகுதே, அதுக்கு இங்கிலீசுல என்னமோ பேராம்லா சார்" என்று கேட்டு, அதற்கும் விளக்கம் வாங்கிக்கொண்டுதான் வந்தார். ஜூலையில் நான் கேட்கக் கூசிய கேள்வி அது.

அதற்கெல்லாம் முன்னால் நடந்ததைக் கடைசியில் எழுதுகிறேன். முதல் மாதமே கேட்டிருக்க வேண்டியது. படித்த பிள்ளைக்கு இதுகூடத் தனியாகச் செய்யத் தெரியவில்லையா என்று நினைத்துவிடுவார்களே என்று கேட்காமலே இருந்தேன்.

"ஆறுமுகச்சாமி கூட வந்தவங்க" என்று டாக்டர் கூப்பிட்டார். அம்மா என் முதுகில் கைவைத்துத் தள்ளினாள். நான் போகவில்லை. அப்பாவின் கம்பை எடுத்து அவர் இடது கையில் கொடுத்தேன். பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோரும் பார்த்தார்கள்.  ஆனாலும் கேட்டுவிட்டேன்.

"நீங்களும் உள்ள வாங்கப்பா. எனக்குத் தனியாப் போகப் பயமா இருக்கு."